பேனலுக்குக் கீழே உளுந்து

அந்த உளுந்தை விதைத்தது உன் அப்பா. கார்த்திகையில் ஒரு மத்தியானம், சோலார் பண்ணையின் கம்பிவேலிக்கு உள்பக்கம் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றபடி, "யாரும்மா போட்டிருப்பா?" என்று நீ கேட்டாய். வேலிக்கு வெளியே தூக்குச்சட்டியோடு நின்றிருந்த நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான். நீ இப்போது ராஜஸ்தானில் இருக்கிறாய். போனில் பேசும்போதெல்லாம் அது தொண்டைவரை வருகிறது. பிறகு "சாப்பிட்டியா", "அங்க குளிரு எப்படி" என்று வேறு ஏதாவதாக மாறிப்போகிறது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், ஜெபா. அவசரமில்லாமல் படி. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு படி.

அன்று நீ சிரித்துக்கொண்டுதான் வந்தாய். "எம்மா, இந்தக் கூத்தக் கேட்டியா? எவனோ உள்ள உளுந்து போட்டிருக்காம்மா. ஒரு வரிசை பூராவும். பூ எடுக்கப் போகுது" என்றாய். "உளுந்தா?" என்று கேட்டேன், தெரியாதவளைப் போல. "உளுந்துதான், எனக்குத் தெரியாதா? பேனலக் கழுவுத தண்ணி எங்கன சொட்டுதோ அங்கனயே நேர்கோடா வச்சிருக்கான். ஆளு கெட்டிக்காரன்தான்." உன் குரலில் கொஞ்சம் மெச்சுதல்கூட இருந்தது. பிறகு முகம் மாறியது. அடுத்த வாரம் சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றாய். "கண்ணுல பட்டுச்சுன்னா கழுவுதவங்கள்ல ஒருத்தன நிப்பாட்டிருவாவ. பாவம், எவன் வீட்டு அடுப்போ. நானே பைய மருந்தடிச்சு விட்டுருதேன். தானாக் கருகுன மாதிரி இருக்கும்." நான், "புடுங்கிப் போட்டா என்னலே?" என்றேன். "புடுங்குனா போட்டவன் மறுபடி வந்து போடுவாம்மா. ஈரம் கெடக்குல்லா. மருந்துன்னா அத்தோட சோலி முடிஞ்சுது. வளர விட்டாலும் ஆபத்து, காஞ்சு நின்னா ஒரு பீடித்துண்டு போதும், கேபிள் பூரா எரிஞ்சிரும்." அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் தூக்குச்சட்டியை வேலி இடுக்கு வழியாக நீட்டி, "சோறு ஆறிரும், சாப்பிடு" என்றேன்.

யாரோ ஒரு கூலிக்காரனின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் நீ மருந்தடித்தாய். யாரிடமும் சொல்லாமல், உன் பெயருக்குக் கெடுதல் வந்தாலும் வரட்டும் என்று செய்தாய். என் பிள்ளை நல்ல பிள்ளை என்று அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தக் கூலிக்காரன் காய்ச்சலோடு நம் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தான். "பயலுக்குத் தெரியாண்டாம் ஏட்டி. தெரிஞ்சா வேலையா அப்பனான்னு அவன் மனசு கெடந்து அடிக்கும்" என்று விதைத்த அன்றே அவர் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் உன்னைக் காப்பாற்ற நினைத்தார். நீ அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய், அவர்தான் என்று தெரியாமலே. நடுவில் நின்ற நான் இரண்டு பேருக்கும் நல்லது என்று வாயை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னை நானே திட்டிக்கொள்ளப் போவதில்லை. அதன் பிறகு நடந்ததுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது.

அது நம் நிலம் என்று உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வரப்புகளையெல்லாம் இடித்து, ஓடையை நிரவி, கிணற்றை மூடி, எல்லார் காட்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது வரிசை எண்கள். பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படித்த நீ பள்ளி விடுமுறைக்கு வந்து ஆடிய இடம் எந்த எண்ணுக்குள் போயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? அப்பா கண்டுபிடித்தார். நம் நிலத்தின் நடுவில் நின்றால் ஆலயக் கோபுரத்தின் சிலுவையும் ரயில்பாதைச் சிக்னல் கம்பமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மறையும். உழும்போது மாட்டைத் திருப்புவதற்கு அவர் வைத்திருந்த அடையாளம் அது. கையில் நீளத் துடைப்பானோடு வரிசை வரிசையாகக் கண்ணாடி கழுவிக்கொண்டே போனவர் ஒருநாள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கோபுரமும் சிக்னலும் ஒன்றாகியிருக்கின்றன. அன்று சாயங்காலம் வந்து, "நம்ம காட்டுல நின்னேன் ஏட்டி" என்று மட்டும் சொன்னார்.

உனக்கு என் அப்பாவை அதிகம் நினைவிருக்காது. தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டோம். ஆலயத்தில் பாட்டுப் பாடும்போது நடுவரிக்கு வந்ததும் அவருக்கு இருமல் வந்துவிடும். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போவார். பாட்டு முடிந்த பிறகு வருவார். அந்தக் கைக்குட்டைகளைத் துவைத்தவள் நான். பதினெட்டு வயதில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தபோது, "கரி இல்லாத ஊரா பாத்துக் குடுத்திருக்கேன்" என்று ஒரு சீதனத்தைச் சொல்வதுபோல எல்லாரிடமும் சொன்னார். அடுத்த வருடம் நீ பிறந்தாய். உன்னைக் கையில் வாங்கியவர், உன் முகத்துக்கு நேராக மூச்சுவிடாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அதனால் ஜெபா, சோலார் பேனலைப் பார்த்து நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வெயிலிலிருந்து விளக்கு எரிகிறது, யாரும் இருமவில்லை என்பது எனக்குச் சின்ன விஷயம் அல்ல. இப்போதும் அப்படித்தான். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ உன் வேலையை வெறுத்தாய் என்றால் நான் எழுதியது வீண்.

கரி இல்லாத ஊருக்கு வந்தேனே தவிர, கரியிடமிருந்து தப்பி வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, வந்த புத்தகத்தையெல்லாம் படித்ததில் புரிந்தது. புரட்டாசியில் வரவேண்டிய மழை ஐப்பசிக்கும் வராது. நாம் விதைத்த பிறகு ஒரு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். பூ எடுக்கும்போது எரிக்கும். காய் முற்றும்போது ஊற்றும். அப்பா ஒவ்வொரு வருடமும் ஏதோ தன் கணக்கில்தான் பிசகு என்று நினைத்தார். நாள் தள்ளி விதைத்தார், முன்னால் விதைத்தார், ஆழ விதைத்தார். பிறகு அந்த மார்கழி வெள்ளம். தாமிரபரணி பாலங்களை மூடிக்கொண்டு ஓடிய அந்த இரண்டு நாளில், ஆற்றிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற நம் மானாவாரிக் காட்டில்கூட ஓடை உடைந்து, மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு அப்பாவோடு நானும் போனேன். உளுந்து நின்ற இடத்தில் ஓடைக்கல்லும் யாரோ ஒருவருடைய பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. அவர் அந்த நாற்காலியைத் தூக்கி நிமிர்த்திவைத்து, அதில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடவே எனக்குப் பயமாக இருந்தது.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்தபோது நம் வீட்டில் நடந்த பேச்சு உனக்கு நினைவிருக்கும். "நீங்க வெள்ளாம பாக்குதது சீட்டாடுத மாதிரி இருக்குப்பா. ஒவ்வொரு தடவையும் அடுத்த கையில ஜெயிச்சிருவேங்கீக" என்று நீ சொன்னாய். நானும் உன் பக்கம்தான் பேசினேன். "மழையக் கெடுத்தது புகதான். அந்தப் புகை நிக்கணும்னா யாராவது எடம் குடுக்கணும்லா?" என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "யாராவதுன்னா எப்பமும் நாமதானா ஏட்டி? புகய விட்டது நாமளா?" ஆனாலும் சித்திரையில் கையெழுத்துப் போட்டார். பத்திர ஆபீஸ் வாசலில் பதநீர் வாங்கிக் கொடுத்து, "இருபத்தெட்டு வருசம். திரும்பி வரும்போது எனக்கு எழுவத்தி நாலு. நீ வேணா பாரு, நான் உழுவேன்" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்று நாம் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று உனக்குக் கிடைத்தது. பாலிடெக்னிக் படிப்பு வீணாகவில்லை. கொஞ்ச நாளில் அப்பாவும் கண்ணாடி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். உனக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டுல இருங்கப்பா" என்றாய். "முந்தி பயித்துக்குத் தண்ணி விட்டேன், இப்பம் கண்ணாடிக்கு விடுதேன். தண்ணி விடுதவனுக்கு என்ன லே?" என்றார். அவர் வேடிக்கை பேசுகிறார் என்றால் ஏதோ வலிக்கிறது என்பதை இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீயும் கற்றுக்கொள், நீயும் அப்படித்தான்.

அந்த மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. உனக்குப் பணி நேரம், நீ வரவில்லை. பேனல் வந்த பிறகு வந்த முதல் பண்டிகை. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வருடம் விளைந்ததில் முதலில் எடுத்ததைக் கொண்டுபோய்ப் பலிபீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், பிறகு முற்றத்தில் ஏலம். எங்கே போவார்கள் விளைச்சலுக்கு? ஊரில் பாதிப் பேருடைய காடு வேலிக்குள் இருக்கிறது. தாழையூத்துக் கடையில் வாங்கிய ஆப்பிள், பிஸ்கட் பொட்டலம், பூசணிக்காய், யாரோ ஒரு குக்கர் என்று வந்து குவிந்தது. ஏலம் விட்ட தேவசகாயம் அண்ணாச்சி ஓர் ஆப்பிளைத் தூக்கிக் காட்டினார். "இன்னா பாருங்க, நம்ம ஊரு கரிசல்ல வெளைஞ்ச ஆப்பிளு! சம்சாரி பறிச்ச வேகத்துல ஸ்டிக்கரக்கூடக் கிழிக்கல வே!" பின்னாலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, நம்ம வெள்ளாம இப்பம் கரண்டுல்லா! அத ஏலம் விடும்!" என்றார். "கொண்டாரும் வே, நீரே கையில புடிச்சுக் கொண்டாரும்! தொட்டா தெரியும் வெள்ளாம!" முற்றமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நாம் எதுவும் கொண்டுபோகவில்லை. கடையில் வாங்கிவைக்க அவர் ஒப்பவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பண்டிகைக்கு அவர் வெறுங்கையோடு போய் நான் பார்த்ததில்லை. வழக்கமாக முன்வரிசையில் இருக்கிறவர் அன்று செருப்புக் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அசன விருந்துக்குப் பந்தி கூப்பிட்டபோது ஆளைக் காணோம். வீட்டுக்கு வந்தால், பரணிலிருந்து விதைப்பானையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளத்துக்கு அடுத்த வருடம் நாம் கடைசியாக எடுத்த உளுந்து. சாம்பல் கலந்து வைத்திருந்தார். கையை உள்ளே விட்டு அளைந்துகொண்டே, "ஏட்டி, இது இன்னும் ஒரு மழைக்கு, மிஞ்சிப்போனா ரெண்டு மழைக்குத் தாங்கும். இருவத்தெட்டு வருசம் தாங்காது" என்றார்.

புரட்டாசியில் விதைத்தார். சட்டைப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழுவிக்கொண்டே, தண்ணீர் சொட்டுகிற விளிம்புக்கு நேர்கீழே விரலால் குத்திக் குத்தி. விதைத்ததில் பாதிதான் முளைத்தது. அதற்கே அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்குக் காட்ட என்னிடம் படம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று, "ரெண்டு எல விட்டுட்டு" என்பார். "மத்தியானம் வெயிலு ஏறும்போது நெழலு வந்துருது ஏட்டி. எரிக்க மாட்டேங்கு. பழைய காட்டவிட நல்லா நிக்கி" என்பார். உளுந்து முழங்காலுக்கு மேல் வளராது, பேனலை மறைக்காது, கொடியும் ஓடாது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். வேறு நாடுகளில் பேனலுக்குக் கீழே முறையாகவே பயிர் வைக்கிறார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். "அப்பம் நான் பண்ணுதது திருட்டு இல்லங்கியா?" என்று சின்னப் பையனைப்போலக் கேட்டார். ஓர் ஓலைக் கொட்டான் நிறைய எடுத்தால் போதும், மாசிப் பண்டிகைக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி விதைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். ஒவ்வொரு வருடமும் ஒரு வரிசை. விதை சாகாமல் இருக்க அது போதும். எழுபத்து நாலு வயதில் உழும்போது கையில் விதை இருக்க வேண்டுமல்லவா?

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. நீ மருந்தடித்தாய். எழுந்து வேலைக்குப் போன அன்று அவர் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். காலைக்கூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் வெளுத்துட்டு ஏட்டி." நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். "உளுந்து மட்டும்னா பூச்சின்னு நெனைக்கலாம், நோயின்னு நெனைக்கலாம். அருகம்புல்லுகூடக் கருகிட்டு. அருகு சாகுமா? எங்கனயாவது கேட்டிருக்கியா?" பண்ணையில் அதுவரை புல்லை மெஷினால்தான் வெட்டினார்கள், அவருக்கு மருந்து ஞாபகமே வரவில்லை. வந்தது ஊரில் பேசிய பேச்சு. பேனல் சூட்டில் மண் உள்ளுக்குள் வெந்துபோகும், இருபத்தெட்டு வருடம் கழித்து அது மண்ணாக இருக்காது, செங்கல்லாக இருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதையெல்லாம் முன்பு அவரே சிரித்து ஒதுக்கியிருந்தார். இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மண்ணு செத்துட்டு ஏட்டி. நான் கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டேன்" என்றார்.

இதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன், ஜெபா. பயிர் போனதற்கு அவர் அழவில்லை. பயிர் போவது அவருக்குப் பழக்கம். எத்தனை வெள்ளாமை போனாலும் அடுத்த வருடம் மண் அங்கேயே கிடக்கும் என்று ஒரு பிடிமானம் இருந்தது, அது போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் கோபுரத்தையும் சிக்னலையும் பார்ப்பதை விட்டுவிட்டார். கழுவப் போனால் தலைகுனிந்து கழுவிவிட்டு வந்தார். உனக்கு ராஜஸ்தான் வேலை வந்தது, சம்பளம் கூடியது, வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் உன்னிடம் எப்படிச் சொல்வது? அவரிடம் எப்படிச் சொல்வது, "மண்ணைக் கொன்னது நீங்க இல்ல, பயிரைக் கொன்னது ஒங்க மகன்" என்று?

திருநெல்வேலி ஜங்ஷனில் உன்னை ஏற்றிவிட வந்தபோது அவர் உன்னிடம் ஒன்று கேட்டார். "ஏலே, அங்கன பேனலுக்குக் கீழ புல்லு மொளைக்குதான்னு பாத்துச் சொல்லு." நீ பையை மேலே வைத்துக்கொண்டே சிரித்தாய். "மணல்காடுப்பா அது. பேனல் இல்லாட்டியே ஒண்ணும் மொளைக்காது." "இருந்தாலும் பாரு." வண்டி நகர்ந்தது. எதற்குக் கேட்டார் என்று உனக்குத் தெரியாது. நீ போய்ச் சேர்ந்த நாலாம் நாள் போன் பண்ணினாய். எல்லாம் சொல்லிவிட்டு, ஞாபகமாக, "எம்மா, அப்பாட்ட சொல்லு, இங்க ஒரு புல்லு கெடயாது. சுத்தமா மொட்ட" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையை ஆட்டிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

உன்மேல் தப்பு சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொன்னாய், அவ்வளவுதான். ஆனால் நீ இனி போகிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும். உலகம் கரியை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாற வேண்டும், மாறத்தான் போகிறது, அதைச் செய்கிற கைகளில் உன் கையும் ஒன்று. அந்தக் கைக்கு நான் சொல்வது இதுதான்: மொட்டையாகக் கிடக்கிறது என்று உனக்குக் காட்டப்படுகிற இடத்தில் முன்பு யார் நடந்தார்கள் என்று ஒருமுறை கேள். அங்கே ஒட்டகம் மேய்க்கிறவன் இருந்திருப்பான். அவனும் ஏதாவது ஓர் அடையாளம் வைத்திருப்பான். கேட்டுவிட்டால் வேலை நின்றுவிடாது. வரிசையில் எதையாவது முளைக்க வைத்தவன் யார் என்று தெரிந்தால், மருந்தடிப்பதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு. கருணையோடு செய்கிறோம் என்று நினைத்து யாரிடமும் பேசாமல் செய்வது நம் வீட்டுப் பழக்கம். மூன்று பேருக்கும் இருக்கிறது. அதை நீ அங்கே கொண்டுபோகாதே.

இந்த வருடப் பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நான் வரல ஏட்டி. நீ போயிட்டு வா. இந்த வருசமும் வெறுங்கையோடயா போய் நிக்க?" என்றார். அங்கேயே, ரயில்வே கேட் பக்கத்தில், வெயிலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சென்னையிலிருந்து ஆட்கள் வந்தது, நீ பார்த்தது, யாரென்று தெரியாமலே ஒருவனைக் காப்பாற்ற நினைத்தது, மருந்து டப்பா, எல்லாம். கேட் மூடி, ரயில் போய், மறுபடி திறந்தது. பிறகு அவர் கேட்டார்: "மூக்கக் கட்டியிருந்தானா?"

எனக்குப் புரியவில்லை. "மருந்தடிக்கும்போது ஏட்டி. துண்டு கிண்டு கட்டியிருந்தானா? கைக்கு ஒற போட்டிருந்தானா? அது நெஞ்சுல போயி ஒக்காந்துக்கிடும்." போட்டிருந்தாய் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு நினைவில்லை, ஜெபா. நீ அங்கே அடிக்கும்போது கட்டாயம் கட்டிக்கொள். என் அப்பாவின் கைக்குட்டைகளைத் துவைத்தது போதும்.

கொஞ்சதூரம் நடந்த பிறகு நின்றார். "அப்பம் மண்ணு சாகல." "சாகல" என்றேன். "மருந்துதான்." "மருந்துதான்." வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல நடந்தேன். வீட்டுக்கு வந்து பானையை இறக்கினார். மிச்சமிருந்த விதையை முறத்தில் கொட்டிச் சாம்பல் போகப் புடைக்கச் சொன்னார். அடுத்த புரட்டாசிக்கு விதைக்கப் போகிறார் என்று நினைத்து, ஆசையாகப் புடைத்துக்கொண்டே அவரிடமும் கேட்டேன். அவர், "வேண்டாம் ஏட்டி. நான் போட்டா மறுபடி எவன் பெத்த புள்ளயாவது டப்பாவத் தூக்கிட்டு நிக்கணும். மண்ணு கெடந்துக்கிடும். அது போதும்" என்றார். புதுக் கொட்டான் ஒன்று வாங்கிவந்து, பானையில் ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அதில் நிரப்பி, வெள்ளைத் துண்டால் மூடினார்.

பண்டிகையன்று முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏலத்தில் தேவசகாயம் அண்ணாச்சி துண்டை விலக்கிப் பார்த்து, "உளுந்து! எந்தக் கடையில வே வாங்கினீரு?" என்று ஆரம்பித்தார். "கட இல்ல அண்ணாச்சி. நம்ம காட்டு உளுந்து" என்றார் அப்பா. "எந்தக் காடு வே? காடு ஏது நமக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி கொஞ்சம் உளுந்தை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. "ஒரு தரம்" என்றார்.

அதை ஏலத்தில் எடுத்தவர் கங்கைகொண்டானில் இட்லிக் கடை வைத்திருப்பவர். திங்கட்கிழமை அரைத்துவிட்டார்கள்.